ஆங்கிலத்தில் நான் சொல்லாமல் விட்டது

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உனக்குப் போன் செய்தேன். புது அலுவலகத்தில் நீ சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கினாயா, வாய்க்குப் பிடித்த சாப்பாடு கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.  நீ, "அம்மா, ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கம்மா. என் வேலை உறுதியாகட்டும். பதினஞ்சு வருஷம் போயிருச்சு, இன்னும் ஆறு மாசத்துல அந்தம்மாவுக்கு என்ன ஆயிடப் போகுது?" என்றாய். நான், "சரி சாமி, யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

யோசித்தேன். திங்கட்கிழமை காலையில் செம்மேட்டுத் தபால் அலுவலகத்துக்குப் போய், எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்று உன் அலுவலகத்துக்கு, இன்னொன்று இங்கே விசாரிக்க வேண்டியவர்களுக்கு. அதனால் உன்னிடம் அனுமதி கேட்பதற்காக இதை எழுதவில்லை. போனில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இதை மூடிய உறையில் வைக்கப்போவதும் இல்லை. என்னைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை எல்லோரும் படிக்கிற மாதிரி அவர்கள் தங்கள் வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கு நான் எழுதும் பதிலும் யார் கண்ணில் வேண்டுமானாலும் படட்டும்.

உன் வேலை என்னவென்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். ஒரு காலத்தில் நாடுகளை ஆண்டுவிட்டுப் பதவியை விட்டு இறங்கிய சிலர், முன்னாள் ஜனாதிபதிகள், முன்னாள் பிரதமர்கள், ஓய்வுபெற்ற நீதிபதிகள், ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சண்டை நடக்கிற இடத்தில் சமாதானம் பேசுவார்கள். மனிதனை மனிதன் மிதிக்கிற இடத்துக்கு நேரில் போய்க் கேட்டு, ஆள்கிறவர்களிடம் எடுத்துச் சொல்வார்கள். அப்படிப் போகிற இடங்களில் சாட்சி சொல்கிறவர்களின் பேச்சைக் குறித்துக்கொண்டு வருவது உன் வேலை. ஏன் இந்த வேலைக்கு வர நினைக்கிறாய் என்று அவர்கள் கேட்டதற்கு நீ என்னைப் பற்றி எழுதினாய். கொல்லிமலையில் ஒரு பெண், தன் புருஷனைக் கல்குவாரிக்காரர்கள் அடித்துக் கொன்றதை இந்தக் குழுவின் முன்னால் சொன்னாள், அவள் குரலை அந்தப் பெரிய மனிதர்களின் காதில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் அம்மா என்று எழுதினாய். அதைப் படித்த குழுவின் தலைவர் கண்கலங்கிவிட்டார் என்று நீ போனில் சொன்னபோது நான் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

அவர்கள் காதில் அது போய்ச் சேரவில்லை கண்ணு. நான் சேர்க்கவில்லை. கண்கலங்கிய அந்தத் தலைவர் தங்கள் குழுவின் பழைய அறிக்கையை ஒரு தடவை எடுத்துப் புரட்டியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும், அதில் கொலை என்று ஒரு வரியும் இல்லை. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அப்போது நீ ஏழாம் வகுப்பு. ராசிபுரத்தில் அப்பாவோடு இருந்தாய். நான் கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற பகுதியில் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. திங்கட்கிழமை விடிவதற்குள் பஸ் பிடித்து மேலே வந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவேன். அந்த வருஷ மழையில் உனக்கு டைபாய்டு வந்தது. வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்ததால் நான் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீங்க அங்கயே இருந்துக்கங்க" என்றாய். என்னை நீ 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வாரமே கீழே மாறுதல் கேட்டு மனுக் கொடுத்தேன். உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. அப்போது என் மனசு எதற்காகத் தவித்துக்கொண்டிருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மனுக் கொடுத்து நான்கைந்து மாதத்தில்தான் அவர்கள் மலைக்கு வந்தார்கள். கொத்தடிமைகளாக இருந்து மீண்டவர்களை நாடு நாடாகப் போய்ப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கொல்லிமலைக்கு ஒரு நாள். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் முன்னாள் ஜனாதிபதி ஒருவர், வடக்கே ஒரு குளிர்நாட்டை ஆண்ட முன்னாள் பிரதமர் ஒரு பெண்மணி, கூட உதவியாளர்கள். "பழைய ராசாங்க வாராங்களாம்" என்று மலையில் பேசிக்கொண்டார்கள். வெளியூர் மொழிபெயர்ப்பாளருக்கு மலைப்பேச்சு பிடிபடாது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுப் புடவை எடுத்தேன். நீயும் அப்பாவும் வந்து பார்க்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் ஓர் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பெயர் தபாலில் போன வாக்குமூலத்தில் இருக்கிறது. அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்காவது இருந்திருக்கும். நாற்காலி போட்டு உட்காரவைத்து, காபி வரவழைத்துக் கொடுத்தார். "பையனுக்கு உடம்பு எப்படிங்க டீச்சர்? உங்க மாறுதல் விஷயம் கேள்விப்பட்டேன். நானே பேசறேன், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார். பிறகு, "நாளைக்கு வெள்ளையம்மான்னு ஒரு பொம்பளை பேசும். அது குடுத்த மனு ஒரு வருஷமா இங்கதான் கெடக்கு. கொலை அது இதுன்னு வெளிநாட்டுக்காரங்க காதுல விழுந்தா எல்லாருக்கும் சங்கடம். நீங்க பொய் சொல்லவே வேண்டாம். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, போதும்" என்றார்.

மெதுவாச் சொல்லுங்க. அந்த வார்த்தையை அவர் ஒரு மருந்தைப் போல என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் செம்மேட்டில் ஒரு கூடத்தில் உட்கார்ந்தோம். ஐந்தாறு பேர் பேசினார்கள், அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். கடைசியாக வெள்ளையம்மா வந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எழுந்து நின்று பேசினாள். அவளையும் அவள் புருஷன் பொன்னுசாமியையும் இன்னும் சிலரையும் முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனது அடிவாரத்து ஏஜென்ட் ஒருவன். பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்குவாரி. சாயங்காலமானால் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பொன்னுசாமியின் அப்பா இறந்த செய்தி வந்தது. கொள்ளி வைக்கப் போக வேண்டும் என்று கேட்டான், விடவில்லை. விடிகிற நேரத்தில் நடந்தே கிளம்பிவிட்டான். ஜீப்பில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, அவர்கள் பார்க்க, மேஸ்திரி மாரப்பன் கடப்பாரையால் அடித்தான். பொன்னுசாமியின் தலையை வெள்ளையம்மா மடியில் வைத்திருந்தாள். உச்சிவேளைக்குள் உயிர் போய்விட்டது. பாறையிலிருந்து விழுந்தான் என்று சொல்லச் சொன்னார்கள். குவாரிக் குழியிலேயே போட்டு மூடினார்கள். ஒரு மாதம் கழித்து அவளும் மற்றவர்களும் தப்பி, இரண்டு நாள் நடந்து ரயிலடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதை அவள் அழாமல் சொன்னாள். "அடிச்சே கொன்னுட்டாங்க, அடிச்சே கொன்னுட்டாங்க" என்று மூன்று தடவை சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். இனி நான் பேச வேண்டும்.

வேலை செய்யப் போன இடத்தில் இவருடைய கணவர் காலமாகிவிட்டார், அங்கே வாழ்க்கை மிகவும் கஷ்டமாக இருந்தது, ஊருக்குத் திரும்புவதும் எளிதாக இல்லை. இவ்வளவுதான் நான் ஆங்கிலத்தில் சொன்னது. எழுதிப் பார்த்தால் இதில் பொய்யென்று காட்ட ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த முன்னாள் பிரதமர் அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "இவர் ரொம்ப நேரம் பேசினாரே, இவ்வளவுதான் சொன்னாரா?" என்று கேட்டார். நான், "ஆமாம், இவ்வளவுதான்" என்றேன். அவர் இன்னும் ஒரு கணம் என்னையே பார்த்தார். பக்கத்திலிருந்த உதவியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார், அடுத்து அவர்கள் கீழே இறங்கி விமானத்துக்குப் போக வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அந்தக் கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் என்னைத் தவிர இன்னும் நாலு பேராவது இருந்தார்கள். எல்லோரும் காலண்டரையோ ஜன்னலையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது முன்னாள் ஜனாதிபதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இல்லாவிட்டால் இன்று நாங்கள் செவிடர்களாக இருந்திருப்போம்" என்றார். அப்போது எடுத்ததுதான் நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த போட்டோ. அவருக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் நான் புதுப் புடவையில் சிரித்துக்கொண்டிருப்பேன். அதன் கீழே உட்கார்ந்துதான் நீ பாடம் படித்தாய்.

அடுத்த மாதமே மாறுதல் உத்தரவு வந்தது. நீ ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். அப்பாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "விடு. இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை மாத்திச் சொன்ன, அவ்வளவுதான? ஊடு வந்து சேர்ந்துட்டல்ல" என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்குப் பிடித்த பதிலைச் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் சொன்னேன் என்பது இப்போது புரிகிறது. கோயிலுக்கும் ஞாயிறு தவறாமல் போனேன். என் பாவங்களை மன்னியும் என்று பொதுவாகக் கேட்டேன். எந்தப் பாவம் என்று ஆண்டவரிடம்கூட ஒரு தடவையும் சொன்னதில்லை. அங்கேயும் மெதுவாகத்தான் பேசினேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. அதைத்தான் போனில் உன்னிடம் சொல்ல முடியவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்து, "அன்னைக்கு என்னம்மா நடந்துச்சு, சொல்லு" என்று நீ கேட்கும்போதெல்லாம் வெள்ளையம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் உனக்குச் சொன்னேன். கடப்பாரை, மடி, உச்சிவேளை, எல்லாம். சொல்லிவிட்டு, அதை நானே ஆங்கிலத்தில் சொன்னதாகச் சொன்னேன். அந்த ஆங்கில வாக்கியங்களைக்கூட உனக்குச் சொல்லிக் காட்டினேன். அந்தக் கூடத்தில் சொல்லாததை வீட்டுக்கூடத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பேசினாய். அதையே பிடித்துக்கொண்டு படித்தாய், அதையே எழுதி இந்த வேலைக்கும் போனாய். உன் கட்டுரையில் நீ ஒரு பொய்யும் எழுதவில்லை. பொய் முழுவதும் என்னுடையது. உன்னை அதன் மேல் நிற்கவைத்தவள் நான்.

பதவி உயர்வில் தலைமையாசிரியையாக மறுபடி மலைக்கே போட்டபோது அப்பா இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. நீ டெல்லியில் படித்துக்கொண்டிருந்தாய். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஓய்வு பெற மூன்று வருஷம்தானே என்று வந்தேன். வந்த இரண்டாம் மாதம் சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசிப்பழம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "ஏனுங்க, நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானுங்க?"

வெள்ளையம்மாவேதான். முடி பாதி நரைத்திருந்தது. மிளகு மூட்டை ஒன்றைத் தலையிலிருந்து இறக்கி வைத்தாள். "நல்லா இருக்கீங்களா? பையன் பெருசாயிட்டானுங்களா?" என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பழைய ராசாங்க அப்புறம் ஏதாச்சும் எழுதுனாங்களாங்க?" என்றாள்.

"தெரியலம்மா" என்றேன். பழத்தை வாங்காமலே நடந்துவிட்டேன். அறிக்கை அச்சாகி எனக்கும் ஒரு பிரதி வந்திருந்தது, வேலைக்குப் போகும் மலைமக்கள் சில சிரமங்களை அனுபவிக்கிறார்கள் என்று கொல்லிமலைக்கு ஒரே ஒரு வரி. அதன் பிறகு இரண்டு வருஷம் நான் அந்தச் சந்தைக்குப் போகவில்லை.

போன தை மாதம் அவளே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம். "எந்த ஆபீசுக்குப் போனாலும் ஒண்ணொண்ணு சொல்றாங்க, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். ஒவ்வொன்றாகப் படித்தேன். பொன்னுசாமி இறந்ததற்கு எங்கேயும் பதிவு இல்லை. இறப்புச் சான்று இல்லாததால் அவளுக்கு விதவை உதவித்தொகை இல்லை. அவன் பங்கு நிலம் அவள் பேருக்கு மாறவில்லை. "அண்ணன் வந்து கேக்கட்டும், குடுக்கறேன்" என்கிறானாம் கொழுந்தன். அந்த நிலத்தை மிளகுக்கொடியோடு குத்தகைக்கு விட அவன் பேசிக்கொண்டிருக்கிறான். ஏழு வருஷமாகக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தால் கோர்ட்டு மூலம் ஏதாவது வழி செய்யலாம் என்று ஒரு வக்கீல் சொல்லியிருக்கிறார். அவள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"ஏம்மா? போட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்குமே" என்றேன்.

"அவரு காணாமப் போகலீங்க" என்றாள். "எங்க கெடக்கறாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி சொன்னது, நான் ஆங்கிலத்தில் சொன்னது, உனக்காகக் கேட்ட மாறுதல்.  முடித்ததும் காலைப் பிடித்துவிடலாம் என்று குனிந்தேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க டீச்சர்" என்றாள். "நீங்க சொல்லி முடிச்சப்ப நான் அந்த வெள்ளைக்கார அம்மா மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். துளி மாறல. ஒருத்தியோட புருசன அவ கண்ணு முன்னாடியே அடிச்சுக் கொன்னுட்டாங்கன்னு கேட்டா எந்த நாட்டுப் பொம்பளைக்கும் மூஞ்சி மாறுமுங்க."

"அப்புறம் ஏம்மா அங்கயே கேக்கல?"

"யாருகிட்டங்க கேக்கறது? உங்களுக்குத்தானுங்க இங்கிலீஷ் தெரியும்."

நான் அழுதேன். அவள் அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. காகிதங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே, "இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்சதுதானுங்க. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிப்பைப் பற்றி இதுவரை அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சொல்ல எனக்கு மேலும் ஆறேழு மாதம் ஆனது. முதலில் ஓய்வூதியக் கணக்கு முடியட்டும் என்றேன். பிறகு உனக்கு நேர்முகத் தேர்வு என்றேன். பார், நீ கேட்ட ஆறு மாதத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துக்கொண்டுவிட்டேன். கடைசியில் உட்கார்ந்து தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று அவள் சொன்னதை அவள் வாக்குமூலமாகவும், நான் செய்ததை என் வாக்குமூலமாகவும் எழுதினேன். போன மாதம் அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

தமிழில் படித்துக் காட்டினேன். சரி என்றாள். ஆங்கிலத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. இத வேற ஆள வெச்சுப் படிக்கோணுங்க" என்றாள்.  செம்மேட்டு வங்கியில் வேலை செய்கிற சல்மா என்ற பெண் அவளுக்குப் பழக்கம். அடிவாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். ஒரு சனிக்கிழமை வங்கி வேலை முடிந்ததும் மூன்று பேரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். சல்மா ஆங்கிலத்தை வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, வெள்ளையம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிடித்துக்கொண்டு வந்த இடத்தில் பொன்னுசாமி கடப்பாரையால் அடிபட்டு இறந்துபோனார்" என்று சல்மா சொன்னாள்.

வெள்ளையம்மா நிமிர்ந்தாள். "அடிபட்டுன்னா இருக்கு?"

சல்மா மறுபடி பார்த்துவிட்டு, "ஆமாங்க்கா, அப்படித்தான் எழுதியிருக்கு. யாரு அடிச்சாங்கன்னு இந்த வரியில இல்லை" என்றாள்.

"பாறை விழுந்தாலும் அடிபடுமுங்க" என்று வெள்ளையம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். "மாரப்பன் அடிச்சான். அவன் பேரு எங்கீங்க?"

வேண்டுமென்று நான் அப்படி எழுதவில்லை கண்ணு, சத்தியமாக. கை தானாக அப்படி எழுதியிருக்கிறது. இத்தனை வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள், செய்தவனை விட்டுவிட்டு வாக்கியம் அமைப்பது எனக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது. அந்த இடத்திலேயே அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மாரப்பன் அடித்துக் கொன்றான் என்று எழுதினேன். அந்த ஏஜென்டின் பெயர், அதிகாரியின் பெயர், எல்லாவற்றையும் அந்தந்த வாக்கியத்தின் முதலிலேயே வைத்து எழுதினேன். சல்மா மறுபடி முதலிலிருந்து படித்தாள். முடிந்ததும் வெள்ளையம்மா கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் போட்டாள். அதற்குக் கீழே நான் போட்டேன். அதற்கு அடுத்த நாள்தான் உனக்குப் போன் செய்தேன்.

இப்போது உன் பெரிய மனிதர்களைப் பற்றி. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த முன்னாள் ஜனாதிபதி முட்டிவலியோடு மலையேறி வந்தார். அவர் இறந்தபோது பத்திரிகைகளில் அவரைப் பற்றி நிறைய எழுதினார்கள், தேடித் தேடிப் படித்தேன். அவர் ஆட்சியிலேயே ஒரு சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். பின்னாளில் அதைப் பற்றிக் கேட்டதற்கு, அப்போது தனக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்றாராம். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கேயும் என்னைப் போல ஒருத்தி இருந்திருப்பாள். ஆனால் அவர் நாற்காலியில் இருந்தபோது ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். அதிகாரம் கையிலிருந்தபோது கேட்காதவர்கள், அதிகாரம் போன பிறகு ஊர் ஊராகப் போய்க் கேட்கிறார்கள். கேட்டாவது தொலைக்கட்டும் என்றால், அதற்கும் விமானத்துக்கு நேரமாகிவிடுகிறது. அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது, என் கண் முன்னாலேயே வந்தது. இரண்டாவது தடவை அவர் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று இன்றும் நம்புகிறேன். கேட்கவில்லை. அது அவர் குற்றம், அதை அவர் தலையில்தான் வைப்பேன். அதனால் என் குற்றம் ஒரு குன்றிமணி அளவும் குறையாது.

நீ அங்கே நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும்போது, ஒரு பெண் நீளமாகப் பேசி, மொழிபெயர்ப்பு குட்டையாக வந்தால், பேனாவை மூடிவிட்டு நிறுத்தச் சொல். பேசுகிறவளின் முகத்தைப் பார், மொழிபெயர்க்கிறவளின் முகத்தையும் பார். யாருக்கு எங்கே பிள்ளை காத்திருக்கிறது என்று கேள். உன் தலைவர்கள் எரிச்சல்படுவார்கள், விமானம் போய்விடும். போகட்டும். அம்மாவாக உனக்கு நான் சொல்லக்கூடிய தொழில் அறிவுரை இது ஒன்றுதான், வேறு எதையும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இன்னும் ஆறு மாதத்தில் அந்தம்மாவுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டாய். குத்தகைப் பேச்சு முடிந்துவிடும். ஆனால் அதற்காக மட்டும் நான் அவசரப்படவில்லை. நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோது உன் குரலில் எரிச்சல் இல்லை, பயமும் இல்லை. ரொம்ப நயமாக, ரொம்ப மெதுவாகக் கேட்டாய். நாற்காலி போட்டு, காபி கொடுத்துக் கேட்கிற மாதிரி.  இந்தக் குரலை உனக்கு நானா கொடுத்தேன்? நான்தான் கொடுத்திருப்பேன், வேறு யாரிடமிருந்து உனக்கு வரும்?

உன் வேலை போகலாம். போனால் அதற்கு நான்தான் காரணம். நீ என்னைத் திட்டலாம், பேசாமல் இருக்கலாம், மறுபடி 'நீங்க' என்று சொல்லலாம். கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொண்டு உண்மையைச் சொல்வாயா, இல்லை, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று சொல்வாயா என்பது எனக்குத் தெரியாது. இரண்டாவதைச் சொன்னால் உன்னை நம்புவார்கள். நான் மறுத்துப் பேசுவேன் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை, பொன்னுசாமியின் இறப்பைப் பதிவு செய்யக் கேட்டு, வெள்ளையம்மாவும் நானும் தாசில்தார் ஆபீசுக்குப் போகிறோம். அங்கே தமிழில்தான் பேச வேண்டும், அவளே பேசுவாள். நான் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கப் போகிறேன். கூட்டமிருந்தால் சாயங்காலம்வரை ஆகும் என்றார்கள். அன்றைக்கு நீ கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன்.

அம்மா